குறட்டையோடு வெள்ளம் தாண்டியவர்

வெள்ளம் புரண்டு ஓடிய ஒரு தெருவை ஒரு மனிதர் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தாண்டினார். தாண்டி, பள்ளிக்கூடத்து மாடிப்படி ஏறி, மூன்றாம் வகுப்புக்குள் போய்ச் சேர்ந்தார். இவ்வளவும் தூக்கத்தில். நடுவில் கண்ணைத் திறக்கவில்லை, தலையணை நழுவவில்லை, குறட்டைகூட ஓரிடத்திலும் அறுபடவில்லை. அந்தக் குறட்டைக்குப் பயந்து தண்ணீரே இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு.

நம்பமாட்டீர்கள். பரவாயில்லை. தெருவே கண்ணால் பார்த்த இந்த விஷயத்தை நம்பாத ஆள் அந்தத் தெருவிலேயே ஒருவர் இருந்தார். வேறு யாருமில்லை, தூங்கினவரேதான்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஆபீஸ் கட்டடங்களில் ஜனம் அடங்கிய பிறகுதான் லிஃப்டைப் பிரித்துப் போட்டுப் பார்க்க முடியும் என்பதால் இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் தூக்கம். அவர் மனைவி தையல்காரி. அவளுக்கென்று இருந்தவை மோட்டார் வைத்த ஒரு தையல் மிஷின், துணி வெட்ட ஒரு நீள மேஜை, அப்புறம் தீராத ஒரு கவலை.

கவலை இதுதான். தெருவுக்குப் பின்னால் ஒரு பெரிய வாய்க்கால். ரோடு போட வருகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் பழையதைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதியதைக் கொட்டிவிட்டுப் போனார்கள். ரோடு வளர்ந்தது, வீடுகள் வளரவில்லை. ஒரு காலத்தில் படியேறி நுழைந்த வீட்டுக்குள் இப்போது படியிறங்கி நுழைய வேண்டும். அதிலும் தையல்காரி வீட்டுப் பின்னறை இன்னும் ஐந்தாறு படி பள்ளம். வாய்க்கால் உடைந்தால் தெருவுக்கு முழங்கால் தண்ணீர் என்றால் அந்த அறைக்கு ஃபேன்வரை தண்ணீர். லிஃப்ட்காரர் தூங்குவது அந்த அறையில்தான். மாடியில் மிஷின் சத்தம், முன்னறையில் ஹாரன் சத்தம். பின்னறை ஒன்றுதான் கிணற்றடி மாதிரி அமைதி. காதில் பஞ்சை அடைத்து, ஃபேனை முழு வேகத்தில் விட்டுப் படுத்துவிட்டார் என்றால் கட்டிலுக்குப் பக்கத்தில் யானை பிரசவித்தாலும் புரண்டு படுத்துக்கொள்வார்.

"நீங்க மாடியில வந்து படுங்க. நான் மிஷினைக் கீழ போட்டுக்கறேன்" என்பாள் அவள்.

"மிஷின் முழுகிப் போனா?"

"வேற மிஷின் வாங்கிக்கலாம்."

"புருஷன் முழுகிப் போனா?"

"அதுக்குத் தவணையில தர மாட்டாங்களாம். கேட்டுட்டேன்."

அவர் சிரிப்பார். சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போய்ப் படுத்துவிடுவார். அவள் மாடியில் மிஷினை மிதித்துக்கொண்டே வானத்தைப் பார்ப்பாள். மேகம் கொஞ்சம் கறுத்தால் தையல் கோணிக்கொள்ளும்.

இந்தக் கவலைக்கு ஒரு கூட்டாளி இருந்தார். லிஃப்ட்காரரின் அக்கா. ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்ற அன்று ஆஸ்பத்திரி நிம்மதியாக மூச்சுவிட்டது. தெருவுக்கு மூச்சு முட்டியது. வந்த கையோடு வீடு வீடாக ஏறி இறங்கி, பேரிடர் ஆயத்தக் குழு என்று ஒன்றைக் கூட்டினார். யார் வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், யார் வீட்டு வாசல் எவ்வளவு பள்ளம், எந்தச் சந்தில் முதலில் தண்ணீர் ஏறும் என்று தெருவையே நோயாளியைப் போலத் தட்டித் தட்டிப் பார்த்தார். தெருவின் மேட்டுப் பக்கக் கடைசியில் பள்ளிக்கூடம். அதன் மொட்டை மாடியில் கையால் சுற்றும் ஒரு சைரன் ஏறியது. ஒரு ஸ்ட்ரெச்சர் வந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம் ஒத்திகை. சைரன் கேட்டதும் எல்லோரும் பள்ளிக்கூடத்து மாடிக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஒத்திகை என்றால் அடிபட்டவர் ஒருவர் வேண்டும் அல்லவா? அதற்கு நர்சம்மா தையல்காரியைத்தான் தேர்ந்தெடுத்தார்.

"ஏன் அண்ணி, நான்?"

"உன்னைத் தூக்கப் பழகிட்டா இந்தத் தெருவுல யாரை வேணாலும் தூக்கிடலாம்."

வேறொருத்தியாக இருந்தால் அன்றோடு பேச்சுவார்த்தை முறிந்திருக்கும். தையல்காரி அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டாள். ஒரு மாதம் கால் முறிந்தது, ஒரு மாதம் மண்டை உடைந்தது, ஒரு மாதம் மூச்சே நின்றது. தெருக் குழந்தைகள் அவளைப் பேஷண்ட் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளைத் தூக்குவதற்கு நான்கு பேர். தலைப்பக்கம் பள்ளிக்கூடத்து வாட்ச்மேனும் ரொட்டிக்கடைக்காரரும். கால்பக்கம் எதிர்வீட்டு மருமகள்கள் இரண்டு பேர். பெரிய மருமகளும் சின்ன மருமகளும் ஒரே அடுப்பில் பால் காய்ச்சினால்கூடப் பொங்குவதற்கு முன்னால் சண்டை பொங்கும். ஸ்ட்ரெச்சரைத் தூக்கிவிட்டால் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கால், ஒரே மூச்சு.

கிளம்பும் முன் நர்சம்மா தையல்காரி வீட்டுப் பக்கச் சந்தில் நின்று, வார்டே அதிரும் குரலில் ஒரு பாடம் நடத்துவார். அந்தச் சந்தில்தான் பின்னறை ஜன்னல்.

"பேஷண்டுக்கு ஒரே வேலைதான், சும்மா கிடக்கணும். கம்பியைப் பிடிக்கக் கூடாது. தலையைத் தூக்கக் கூடாது. உதவி பண்ண வர்ற பேஷண்ட், தூக்கறவங்களைக் கவுத்துட்டுத்தான் ஓய்வான்."

சொல்வது சுலபம். ஸ்ட்ரெச்சர் சற்றுச் சாய்ந்தாலே கை தானாகக் கம்பிக்குப் பாயும். அதுவும் பள்ளிக்கூடத்துப் படி திரும்பும் இடத்தில் பிடிக்காதவர் கிடையாது. சும்மா கிடக்கத் தையல்காரிக்கே பல மாதம் பிடித்தது.

லிஃப்ட்காரருக்கு இதெல்லாம் கூத்து.

"அக்கா, நெஜமா தண்ணி வந்தா ஒருத்தரும் இப்படி வரிசையில வர மாட்டாங்க. அவனவன் விழுந்தடிச்சு ஓடுவான்."

"அப்படி ஓடக் கூடாதுன்னுதான்டா இது."

"இங்க எல்லாரும் நடிக்கறாங்க. என் பொண்டாட்டி நல்லாவே நடிக்கறா. போன மாசம் அவ செத்ததைப் பார்த்து எனக்கே கண்ணு கலங்கிடுச்சுன்னு ரொட்டிக்கடைக்காரர் சொல்றார்."

"நீயும் ஒரு நாள் வந்து படுத்துப் பாரேன்."

"நான் தினமும் படுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

ஆரம்பத்தில் சைரன் கேட்டால் எழுந்து உட்கார்ந்து திட்டுவார். பிறகு முனகினார். அப்புறம் அதுவும் போய், சைரன் கேட்டால் தூக்கம் இன்னும் நன்றாக வருகிறது என்றார். நர்சம்மா இதைக் கவனிக்கவில்லை. தையல்காரி கவனித்தாள். ஆனால் ஸ்ட்ரெச்சரில் கிடக்கும்போது பேசக் கூடாது என்பதால் சொல்லவில்லை, இறங்கிய பிறகு மறந்துபோனாள்.

வாரம் முழுக்க விட்டுவிட்டு மழை. சனிக்கிழமைகூட இல்லை, ஒரு சாதாரண மதியம். மேலே மதகைப் பார்த்துக்கொள்பவர் நர்சம்மாவுக்குப் போன் செய்தார். கரையில் விரிசல், எந்நேரமும் போகலாம். நர்சம்மா செருப்பையும் மறந்து மொட்டை மாடிக்கு ஓடிச் சைரனைச் சுற்றினார். அந்த வயதில் அவர் ஏறிய வேகத்தைப் பார்த்த காக்கைகள் பறப்பதற்கு வெட்கப்பட்டன என்று கேள்வி.

அங்கேதான் குழுவின் திட்டத்தில் ஒரு ஓட்டை தெரிந்தது. ஒத்திகைக்கும் அதே சத்தம், நிஜத்துக்கும் அதே சத்தம். இது நிஜம் என்று சொல்ல வேண்டிய ஒரே ஆள் மாடியில் சைரன் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இந்த மாசம் முன்னாடியே வெச்சுட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே தெரு வெளியே வந்தது. ரொட்டிக்கடைக்காரர் அடுப்பை அணைத்தார். மருமகள்கள் தலையை முடிந்துகொண்டு வந்தார்கள். வாட்ச்மேன் ஸ்ட்ரெச்சரோடு வந்தார். தையல்காரி மிஷினை நிறுத்தி, மாடியிலிருந்து இறங்கி, வாசலைத் தாண்டி, நேராக ஸ்ட்ரெச்சரில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். இந்த மாதம் வலது கால். "அம்மா" என்று ஒரு முனகலும் போட்டாள். நான்கு பேரும் தூக்கினார்கள். ஊர்வலம் நகர்ந்தது.

பாதித் தெரு போனதும் ரொட்டிக்கடைக்காரர் கேட்டார், "யாருங்க ரோட்டுல தண்ணி ஊத்தினது?"

யாரும் ஊற்றவில்லை. செம்மண் நிறத்தில், இரண்டு செருப்பையும் ஒரு பிளாஸ்டிக் வாளியையும் முன்னால் விட்டுக்கொண்டு, தண்ணீர் தானாகவே வந்துகொண்டிருந்தது.

"அக்கா," என்றாள் சின்ன மருமகள், "இது நெஜம்."

நான்கு பேரும் நின்றார்கள். பிறகு பெரிய மருமகள் குனிந்து நோயாளியைப் பார்த்தாள்.

"அப்ப நீங்க எதுக்குக்கா படுத்திருக்கீங்க?"

தையல்காரி கண்ணைத் திறந்தாள். நேர் மேலே வானம், ஓரங்களில் நான்கு முகங்கள். அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. தெரு பழகியதைத்தான் தெரு செய்தது. நடக்கப் பழகியவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். தூக்கப் பழகியவர்கள் தூக்கிக்கொண்டிருந்தார்கள். படுக்கப் பழகியவள் படுத்துக் கிடந்தாள். அப்படியானால் சைரன் கேட்டால் தூங்கப் பழகியவர்?

"பின்னறை" என்றாள். முறிந்த காலோடு அவள் குதித்து ஓடிய ஓட்டத்துக்கு ஸ்ட்ரெச்சர் பின்தங்கிவிட்டது.

வாசற்படியைத் தாண்டிய தண்ணீர் முன்னறையில் நிற்காமல் பள்ளம் பார்த்துப் பின்னறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டிலின் கால்கள் ஏற்கெனவே காணவில்லை. அதன்மேல் லிஃப்ட்காரர் மல்லாந்து கிடந்து, வீட்டையே இழுத்து நிறுத்துவது போல ஒரு குறட்டை, தள்ளிவிடுவது போல ஒரு குறட்டை என்று விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு ஷிஃப்ட் சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டு வந்த தூக்கம். அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எழுந்திருங்க. தண்ணி வந்துடுச்சு."

"ம்ம்... இந்த மாசம் நல்லாப் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தார்.

"தங்கச்சி, பேசிப் புரியவெக்க இப்ப நேரமில்ல" என்றார் வாட்ச்மேன். "மாப்பிள்ளையைத் தூக்கிடுவோம்."

விரிப்பின் நான்கு மூலைகளையும் பிடித்து, நர்சம்மா காட்டித் தந்தபடி ஒரே மூச்சில் ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினார்கள். தையல்காரியைத் தூக்கித் தூக்கிக் காய்ப்பு ஏறிய கைகளுக்கு அவர் பஞ்சு மூட்டை. ரொட்டிக்கடைக்காரர் கொஞ்சம் வேகமாகத் தூக்கிவிட்டதில் அவர் கூரையைத் தொட்டுவிட்டுத் திரும்பினார் என்பார்கள், அதை விடுங்கள்.

தெருவுக்கு வந்தால் தண்ணீர் முழங்காலைத் தொட்டது. வழக்கமாக நர்சம்மா முன்னால் நடந்து "இடது, வலது" என்று குரல் கொடுப்பார். இன்று அவர் மாடியில். கால் போடுவது யார் கணக்குக்கு? நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் காதில் விழுந்தது குறட்டை. இழுத்தால் இடது, விட்டால் வலது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அப்படியே நடந்தார்கள்.

தையல்காரி பக்கத்திலேயே நடந்தாள். தெருவின் பள்ளத்தில் அவருடைய இடது கை நழுவித் தொங்கி, விரல் நுனி தண்ணீரில் பட்டது. குறட்டை ஒரு கண்ணிமைப்புக்குத் தடுக்கியது. அவள் கையை எடுத்து மார்பில் வைத்தாள். குறட்டை மறுபடி ஓடியது. ஆனால் இத்தனை வருடம் அந்தக் குறட்டையோடு குடும்பம் நடத்தியவள் அவள். அது நடுவில் நிற்கும், விசிலடிக்கும், யாரிடமோ பேரம் பேசும். இப்போது கடிகாரம் மாதிரி ஓடியது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

பள்ளிக்கூடத்துப் படி திரும்பும் இடத்தில் சின்ன மருமகளின் கால் வழுக்கியது. ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வாட்ச்மேனின் முழங்கால் சுவரில் இடித்தது. அந்த நொடியில் மேலே கிடந்த ஆள் கம்பியைப் பற்றி ஒரு உதறு உதறியிருந்தால் ஐந்து பேரும் உருண்டு தண்ணீருக்குள் போயிருப்பார்கள். அவர் மாவு மூட்டை மாதிரி கிடந்தார். சின்ன மருமகள் சமாளித்து நிமிர்ந்தாள். குறட்டை இழுத்தது, இடது கால் ஏறியது.

மூன்றாம் வகுப்பில் குட்டி பெஞ்சுகளுக்கு நடுவில் அவரை இறக்கினார்கள். உள்ளங்கை கொப்பளித்து இறங்கி வந்த நர்சம்மா, பழக்க தோஷத்தில் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். ஒரு புருவம் மட்டும் மேலே ஏறியது. கையை மெதுவாக வைத்துவிட்டு, "நல்லாத் தூங்கட்டும்" என்று நகர்ந்தார்.

எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு லிஃப்ட்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். கரும்பலகையைப் பார்த்தார், வாய்ப்பாட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"நான் எப்ப இங்க நடந்து வந்தேன்?" என்றார்.

அன்று அந்தப் பேச்சைப் பிடித்தவர்தான், விடவில்லை. தண்ணீர் வடிந்தது, பின்னறைச் சுவரில் ஃபேனுக்கு மேலே செம்மண் கோடு ஒன்று தங்கியது. அவர் அந்தக் கோட்டைப் பார்க்காமலேயே அறையைக் கழுவி, புதுக் கட்டில் வாங்கி, அதே இடத்தில் போட்டார். தெரு அவரிடம் கதை கதையாகச் சொன்னது. கதையும் நாளுக்கு நாள் வளர்ந்தது. கடைசியில் தண்ணீர் கழுத்துவரை வந்துவிட்டது, ஒரு முதலையும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"தூக்கக் கலக்கத்துல நானே நடந்து வந்திருக்கேன். இல்லாட்டி இந்த ரெண்டு பொண்ணுங்க என்னைத் தூக்கினாங்கன்னா நம்பற மாதிரியா இருக்கு?"

"கட்டிலை மேல போட்டுக்கலாமே" என்றாள் தையல்காரி.

"எதுக்கு? போன தடவை நான்தானே நடந்து வந்தேன். அடுத்த தடவையும் வருவேன்."

வெள்ளம் வந்தபோதுகூட அவள் இப்படிப் பயப்படவில்லை. ஒரு தடவை தப்பித்த ஆளுக்குத் தப்பித்தது எப்படி என்று தெரியாவிட்டால், அடுத்த தடவை அந்த ஒரு தப்பே போதும்.

குழு அவள் தையல் மேஜையைச் சுற்றிக் கூடியது. நர்சம்மா கொப்பளத்துக்குக் கட்டுப் போட்ட கையை மேஜையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"எல்லாரும் பொழைச்சுட்டோம்னு சந்தோஷப்படலாம். ஆனா நாம ஒண்ணு பழகினோம், அதையே திரும்பத் திரும்பப் பழகினோம். வேற மாதிரி வந்தா என்ன பண்றதுன்னு பழகலை. நடந்து போக வேண்டியவளைத் தூக்கிட்டுப் போனோம். தூக்க வேண்டியவனை விட்டுட்டுப் போனோம். தப்பு என்னுதுதான். எனக்கு சத்தம் போடத் தெரிஞ்ச அளவுக்கு யோசிக்கத் தெரியலை."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா, சத்தமும் நல்லாத்தான் இருந்தது" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

இனி நிஜத்துக்குச் சைரன் விட்டு விட்டு ஒலிக்கும் என்று முடிவானது. மாதம் ஒரு வீட்டிலிருந்து நோயாளி. முதல் வேலை, பள்ளமான அறைகளில் யார் இருக்கிறார்கள் என்று கதவைத் தட்டிப் பார்ப்பது.

"அடுத்த மாசம் யார் பேஷண்ட்?" என்று கேட்டாள் பெரிய மருமகள்.

"என் தம்பி" என்றார் நர்சம்மா.

"அவர் வர மாட்டார் அண்ணி."

"வருவான். அன்னைக்கு அவன் கையைப் பிடிச்சுப் பார்த்தவ நான்."

தம்பியிடம் அவர் மன்றாடவில்லை. "நீ நடந்துதான் வந்தேன்னு சொல்றே. சரி. இந்த நாலு பேரால உன்னைத் தூக்கவே முடியாதுன்னு சொல்றே, அதுவும் சரி. சனிக்கிழமை வந்து படு. தூக்க முடியலைன்னா நீ சொன்னதுதான் நெஜம்னு தெரு முழுக்க நானே சொல்லிடறேன்" என்றார்.

எந்த ஆம்பிளை வேண்டாம் என்பான்? சனிக்கிழமை மதியம் லிஃப்ட்காரர் மாப்பிள்ளைக் களையோடு வந்து ஸ்ட்ரெச்சரில் படுத்துக் கண்ணை மூடினார். நான்கு பேரும் தூக்கினார்கள். சிரமமில்லாமல் தூக்கினார்கள். தெரு இரண்டு பக்கமும் நின்று பார்த்தது. தையல்காரி அன்றுபோலவே பக்கத்தில் நடந்தாள். படுக்காமல் நடப்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

படி திரும்பும் இடம் வந்தது. நர்சம்மா கண்ணைக் காட்ட, சின்ன மருமகள் வேண்டுமென்றே காலை வழுக்கவிட்டாள். ஸ்ட்ரெச்சர் சடாரென்று சாய்ந்தது. கூட வந்தவர்களே சுவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

லிஃப்ட்காரர் பிடிக்கவில்லை. கை மார்பிலேயே கிடந்தது. தலைகூடத் தூக்கவில்லை.

ஸ்ட்ரெச்சர் நிமிர்ந்தது. யாரும் அடுத்த படி ஏறவில்லை.

"மாப்பிள்ளை," என்றார் வாட்ச்மேன் மெதுவாக, "முதல் தடவை படுக்கறவங்க யாரும் இங்க கம்பியைப் பிடிக்காம இருந்ததில்ல. நீங்க பிடிக்கலையே."

"யாருடா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்றார் நர்சம்மா.

"வேற யாரு? மாசா மாசம் என் ஜன்னலுக்கு வெளிய நின்னு கத்தறியே. காதுல பஞ்சு வெச்சா மட்டும் போதுமா? பேஷண்டுக்கு ஒரே வேலைதான், சும்மா கிடக்கணும்." அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

தையல்காரி குனிந்தாள். "எப்ப முழிச்சீங்க?"

"கையில தண்ணி பட்டப்ப."

"அப்பவே சொல்லியிருக்கலாமே. இறங்கி நடந்திருக்கலாமே."

"இறங்கணும்னுதான் நெனச்சேன். லேசாக் கண்ணைத் திறந்தேன். நாலு பேரும் என் குறட்டைக்குக் காலடி வெச்சுக்கிட்டு இருந்தாங்க. நிறுத்தினா தடுமாறி விழுந்துடுவாங்கன்னு தோணுச்சு. சரி, எனக்குக் குடுத்த வேலையைப் பார்ப்போம்னு கிடந்தேன். முழிச்சுக்கிட்டே குறட்டை விடறது எவ்வளவு கஷ்டம்னு உங்க யாருக்கும் தெரியாது. அதுவும் பயந்து போயிருக்கறப்ப. கூத்துன்னு சிரிச்சுட்டு, அப்புறம் உண்மையைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

மருமகள்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரொட்டிக்கடைக்காரர் சிரிக்க வாயைத் திறந்து, என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார்.

"அப்ப கட்டில்?" என்றாள் தையல்காரி.

லிஃப்ட்காரர் கண்ணைத் திறந்தார். முதலில் அவளைப் பார்த்தார், பிறகு தன்னைத் தூக்கி நிற்கும் நான்கு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"மாடியில போட்டுடு. மிஷின் சத்தத்துலயே தூங்கப் பழகிக்கறேன்" என்றார். பிறகு, தெருவில் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்பது போலக் கொஞ்சம் குரலை உயர்த்தினார். "நான் நடந்து வரலை. இவங்கதான் தூக்கிட்டு வந்தாங்க. நடந்தது நெஜம்தான்."